உப்புக்கு வரி, ஓட்டுக்குத் தடை



தேர்தல் நாளன்று வானூர் வட்டத்துச் சிற்றூர்களிலும், அங்கிருந்து கடலோரமாய் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள் வரையிலும் உள்ள வாக்குச் சாவடிகளைக் காண்போர்க்கு ஒன்று தவறாது புலப்படும். பொழுது ஏறுமுன்பே பெண்கள் வரிசை நீண்டுவிடுகிறது. வீட்டு வேலையை முடித்தவர், உப்பளத்தில் அரைநாள் கூலியை விட்டு வந்தவர், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தவர், பேத்தியின் கைபற்றி வந்த முதியவர் எனப் பலரும் அதில் நிற்கின்றனர். விரலில் மையிட்டுக்கொண்டு வெளியே வருகையில், "இந்த உரிமை நமக்கு எப்போது வந்தது? யார் தந்தது?" என்று அவர்களுள் எவரும் கேட்பதில்லை. காற்றும் ஒளியும் போல அது என்றும் இருந்ததாகவே எண்ணுகிறோம்.

ஆனால் அது என்றும் இருந்ததன்று. ஒரே நாளில் வந்ததுமன்று. நாடு முழுவதற்கும் ஒருசேரக் கிடைத்ததுமன்று. மாகாணம் மாகாணமாக, படிப்படியாக வந்தது. அந்தப் படிகளுள் முதற்படி நம் சென்னை மாகாணத்தில் வைக்கப்பட்டது என்பதை நம் இல்லங்களில் அறிந்தோர் சிலரே. ஆகவே இம்மாதம் அவ்வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோம்.

"மக்கள்" என்னும் சொல்

1917ஆம் ஆண்டு மே மாதம் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையாரும், அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையாரும், டாரதி ஜினராஜதாச அம்மையாரும் அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானோர். அவ்வாண்டு இந்தியாவுக்கு அரசியல் சீர்திருத்தம் வழங்கும் நோக்குடன் இந்திய மந்திரி மாண்டேகு இங்கு வந்து, வைசிராய் செம்ஸ்போர்டுடன் ஊர் ஊராகச் சென்று பலருடைய கருத்துகளைக் கேட்டார். டிசம்பர் மாதம் சென்னையில் பெண்கள் தூதுக்குழு ஒன்று அவர்களைச் சந்தித்தது. குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சரோஜினி நாயுடு.

அவர்கள் கேட்டது மிக எளிது. மக்களுக்கு வாக்குரிமை வகுக்கும்போது, "மக்கள்" என்னும் சொல்லில் பெண்களும் அடங்குவர் எனக் கொள்ள வேண்டும் என்பதே அது. இன்று இதனைப் படிக்கும் நமக்கு வியப்பாக இருக்கலாம். பெண்ணும் மக்களுள் ஒருத்தி என்பதைக்கூட மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது!

மனுவுக்குப் பயன் உடனே விளையவில்லை. வாக்குரிமையைப் பற்றி ஆராயச் சௌத்பரோ பிரபுவின் தலைமையில் அமைந்த குழு, இந்நாட்டின் சமூகப் பழக்கவழக்கங்களைக் காரணம் காட்டி, பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் காலம் இன்னும் கனியவில்லை என்று கூறிவிட்டது. பின்னர் 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் உருவானபோது, பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதனைத் தானே முடிவு செய்யாமல் ஒரு வழி கண்டது. பெண் என்பதால் விதிக்கப்பட்ட தடையை நீக்குவதா வேண்டாவா என்பதை அந்தந்த மாகாணச் சட்டசபையே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பொறுப்பைத் தட்டிக்கழித்தனர் என்று கூறுவோரும் உண்டு. ஆயினும் மூடியிருந்த கதவில் ஒரு தாழ்ப்பாளேனும் அதனால் தளர்ந்தது.

1921 ஏப்ரல் முதல் நாள்

1920ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த முதல் தேர்தலில் நம் மாகாணத்துப் பெண்கள் வாக்களிக்கவில்லை. அத்தேர்தலின் பயனாக நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் கடலூரைச் சேர்ந்த சுப்பராயலு ரெட்டியார். வானூரும் மரக்காணமும் அந்நாளில் அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் மாவட்டக் கழகத் தலைவராக விளங்கியவர் அவர்.

அவர் பதவியிலிருந்த காலத்தில், 1921 ஏப்ரல் முதல் நாள், திவான் பகதூர் கிருஷ்ணன் நாயர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபை ஏற்றது. பெண் என்னும் காரணத்தால் எவரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கலாகாது என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களுள் இதனைச் செய்த முதல் மாகாணம் சென்னையே. சமஸ்தானங்களுள் திருவிதாங்கூர் மட்டும் சற்று முந்திக்கொண்டது. அதே ஆண்டில் பம்பாய் சென்னையைப் பின்பற்றியது. வங்காளச் சட்டசபையோ அவ்வாண்டு மறுத்துவிட்டு, 1925ஆம் ஆண்டில்தான் இணங்கியது. ஐக்கிய மாகாணம் 1923இலும், பஞ்சாப் 1926இலும், பீகார் ஒரிசா 1929இலும் வழிவிட்டன. ஒரே பேரரசின்கீழ், ஒரே சட்டத்தின்கீழ் வாழ்ந்த பெண்களில் ஒருத்தி வாக்காளர், மற்றொருத்தி வாக்கற்றவள். வேறுபாடு அவள் எந்த மாகாணத்தில் பிறந்தாள் என்பது மட்டுமே.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. இங்கிலாந்தில் 1918ஆம் ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆனால் முப்பது வயது நிரம்பியவர்க்கே, அதுவும் சில சொத்துத் தகுதிகளுடன்தான். ஆடவர்க்கு நிகரான வாக்குரிமை அங்கே 1928ஆம் ஆண்டிலேயே வந்தது. நம் மாகாணத்திலோ 1921ஆம் ஆண்டிலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. இதனைச் சொல்லி நாம் பெருமைப்படலாம். ஆனால் பெருமை முழுமையாகுமுன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

யார் அந்தப் பெண்கள்?

சென்னை மாகாணத்துப் பெண்கள் முதன்முதலில் வாக்களித்த பொதுத்தேர்தல் 1923ஆம் ஆண்டில் நடந்தது. அத்தேர்தலில் நம் பகுதிப் பெண்களுள் எவர் வாக்களித்திருக்கக் கூடும்?

அன்றைய வாக்குரிமை வயதை மட்டும் கொண்டதன்று. சொத்தையும் வரியையும் கொண்டது. நாட்டுப்புறத்தில், தன் பெயரில் பட்டா பெற்று, விதித்த அளவுக்குக் குறையாமல் நிலத்தீர்வை உடையவர்க்கே வாக்கு. விதி இருபாலார்க்கும் ஒன்றுதான். ஆனால் பட்டா யார் பெயரில் இருந்தது? தந்தை பெயரிலும், தனயன் பெயரிலும், கணவன் பெயரிலும் இருந்தது. தன் பெயரில் நிலம் எழுதப்பெற்ற பெண் ஊருக்கு ஒருவர் இருவர் இருந்தாலே அரிது. ஏட்டில் சமத்துவம் இருந்தது. நிலம் ஆடவர் கையில் இருந்தது. ஆகவே 1920களின் பிற்பகுதியில்கூட, மாகாணத்தில் வயது வந்த பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே வாக்காளராக இருந்தனர். நிலமற்ற ஆடவரும் வெளியேதான் நின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

இனி உப்பளத்துப் பெண்ணை நோக்குங்கள். அவளுக்கு நிலமில்லை, பட்டா இல்லை, ஆதலால் வாக்குமில்லை. அப்படியானால் அவள் அரசுக்கு வரியே கொடுக்கவில்லையா? கொடுத்தாள். நாள்தோறும் கொடுத்தாள். உலையில் இட்ட ஒவ்வொரு பிடி உப்புக்கும் கொடுத்தாள். பணக்காரர் வீட்டுக் குழம்பும் ஏழை வீட்டுக் கூழும் கேட்பது ஒரே அளவு உப்பைத்தானே! பாத்தியில் காய்ந்து வெண்குவியலாகக் கிடக்கும் உப்பைத் தன் தலையில் சுமந்து கரை சேர்த்தவள், அதையே வரியுடன் விலைகொடுத்து வாங்கி உண்டாள்.

இதில் காலம் செய்த விந்தை ஒன்றுண்டு. நம் மாகாணத்துப் பெண்கள் முதன்முதலில் வாக்களித்த அதே 1923ஆம் ஆண்டில்தான், மத்திய சட்டசபை மறுத்தும் கேளாமல், வைசிராய் ரீடிங் பிரபு தம் தனியதிகாரத்தால் உப்பு வரியை இருமடங்காக்கினார். மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரி இரண்டரை ரூபாயாயிற்று. அடுத்த ஆண்டு அது பழைய அளவுக்கு இறங்கியதாயினும், செய்தி தெளிவானது. நிலத்தீர்வை செலுத்தியவரிடம் அரசு வாக்குக் கேட்டது. உப்பு வரி செலுத்தியவளிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

எல்லைக்கு அப்பால்

வானூர் வட்டத்தின் தெற்கே புதுச்சேரி. அந்நாளில் அது பிரெஞ்சு ஆட்சி. ஊர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன; கொள்வினை கொடுப்பினை எல்லை பார்க்கவில்லை. ஆனால் வாக்குரிமை எல்லை பார்த்தது.

பிரெஞ்சிந்தியாவில் 1871ஆம் ஆண்டு முதலே நிலமற்ற ஆடவரும் பாரீஸ் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். பெண்ணுக்கோ, அவள் எத்துணைச் செல்வமுடையவளாயினும், வாக்கில்லை. பிரான்சு நாட்டுப் பெண்களுக்கே 1944 ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்த ஆணையால்தான் வாக்குரிமை கிடைத்தது. புதுவைப் பெண்கள் வாக்களித்தது அதற்குப் பின்னரே. ஆக, இப்பக்கம் சொத்து இல்லாதவர்க்கு வாக்கில்லை. அப்பக்கம் பெண்ணாய்ப் பிறந்தவர்க்கு வாக்கில்லை. 1923க்குப் பின் வானூர்ப் பக்கத்திலிருந்து பட்டா உடைய பெண்ணொருத்தி புதுவைக்கு மருமகளாய்ச் சென்றிருந்தால், புக்ககம் அவளை வாக்காளராக ஏற்றிராது.

கடல்கடந்த இலங்கை இவ்விரண்டையும் விஞ்சியது. டொனமூர் திட்டப்படி 1931ஆம் ஆண்டிலேயே அங்கு இருபத்தொரு வயது நிரம்பிய இருபாலாரும் வாக்களித்தனர். 1932ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி வடகொழும்பிலிருந்து அரசுக் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஆயினும் தோட்டத்தில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருள் பலர்க்கு அங்கும் தடைகள் இருந்தன. எந்த நாட்டிலும் கதவு முதலில் சிலருக்கே திறந்தது என்பது இதனால் விளங்கும்.

உள்ளே சென்றவர்கள்

வாக்களிக்கலாம், ஆனால் சட்டசபையில் அமரலாகாது என்னும் தடை 1926ஆம் ஆண்டில் நீங்கியது. அவ்வாண்டே கமலாதேவி சட்டோபாத்யாயா மங்களூரில் போட்டியிட்டுச் சொற்ப வாக்குகளில் வெற்றியை இழந்தார். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1912ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, 1927ஆம் ஆண்டில் அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

பெண் ஒருவர் உள்ளே சென்றதால் விளைந்தது யாது? கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடினார். சிறுமியர் திருமண வயதை உயர்த்தக் குரல் கொடுத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி வேண்டுமென வாதாடினார். அதுவரை அவையில் ஆடவர் பேச நாணியவையும், பேச மறந்தவையும் அவை. 1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிக் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, அவர் தம் பதவியை உதறி வெளியேறினார்.

அதே ஆண்டு வேதாரண்யத்தில் இராஜாஜி நடத்திய உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு ஓராண்டுச் சிறை பெற்றவர் ருக்மணி லட்சுமிபதி. உப்புக்காகச் சிறை புகுந்த அவ்வம்மையார், 1937ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தின் துணைச் சபாநாயகரானார். 1946ஆம் ஆண்டில் பிரகாசம் அமைச்சரவையில் சுகாதார அமைச்சராகி, மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் என்னும் பெயர் பெற்றார். 1947ஆம் ஆண்டில் உப்பு வரி நீங்கியது. உப்பின் வரலாறும் பெண்ணின் உரிமை வரலாறும் நம் நாட்டில் எவ்வளவு நெருங்கிக் கலந்திருக்கின்றன என்பதை உப்பளக் கரையில் வாழும் வாசகர்கள் சிறப்பாக உணர்வர்.

"இன்னார் மனைவி"

1935ஆம் ஆண்டின் சட்டம் வாக்குரிமையைப் பெருக்கியது. சொத்துடைய ஆடவரின் மனைவிக்கும் கைம்பெண்ணுக்கும், எழுதப் படிக்கத் தெரிந்தவர்க்கும் வாக்குரிமை கிடைக்க வழிபிறந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 8 இடங்கள் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இந்தியக் கிறிஸ்தவப் பெண்களுக்கு உரியது.

பெண் வாக்காளர் தொகை பன்மடங்கு பெருகியது உண்மையே. ஆயினும் இந்திய மாதர் சங்கமும் பிற மாதர் அமைப்புகளும் இவ்விதியை மனமார வரவேற்கவில்லை. காரணம் யாது? முன்பு அரசு அவளிடம், "உன்னிடம் நிலம் உண்டா?" என்று கேட்டது. இப்போது, "நீ யாருடைய மனைவி?" என்று கேட்டது. "நீ யார்?" என்று இன்னும் கேட்கவில்லை. அவர்கள் வேண்டியது வயது வந்த அனைவர்க்கும் வாக்கு என்பதே.

அந்தக் கேள்வி 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தில்தான் மறைந்தது. அதனை வகுத்த சபையில் சென்னை மாகாணத்திலிருந்து அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோரும், திருவிதாங்கூரின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஆனி மஸ்கரீனும் இடம்பெற்றிருந்தனர். அதன் 326ஆம் பிரிவின்படி வயது ஒன்றே தகுதி. இருபத்தொன்றாக இருந்த அவ்வயது 1989ஆம் ஆண்டில் பதினெட்டாகக் குறைந்தது.

ஆனால் சட்டம் கேட்பதை விட்டதை வீடு விடவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கச் சென்றவர்களிடம் வடநாட்டில் எண்ணற்ற பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. "இன்னார் மனைவி", "இன்னார் தாய்" என்றே சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயரில்லாமல் எவரையும் பட்டியலில் சேர்க்க இயலாது என்றார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளருள் 28 லட்சம் பேர் இதனால் வாக்கை இழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், இராசஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் ஆகியவற்றைச் சேர்ந்தோர். அவர்களின் ஓட்டைப் பறித்தது சட்டமன்று; பெயரின்மையே.

தேடிப் பார்ப்போம்

இவ்வரலாறு சென்னையில் மட்டும் நடந்ததன்று. நம் வீட்டுப் பாட்டியரின் வாழ்விலும் நடந்தது. அதனைத் தேடி எழுதப் பெரும் புலமை வேண்டுவதில்லை, பொறுமை போதும். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல விடுமுறைப் பணி.

முதலாவது, நிலப் பதிவுகள். வட்ட அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் உள்ள 'அ' பதிவேடு, சிட்டா, பழைய நிலவரித்திட்டப் பதிவேடு ஆகியவற்றில் பட்டாதாரர் பெயர்கள் இருக்கும். அவற்றில் பெண் பெயரைத் தேடுங்கள். 1920களில் தன் பெயரில் பட்டா பெற்றிருந்த பெண் உங்கள் ஊரில் இருந்திருந்தால், ஊரின் முதல் பெண் வாக்காளர் அவராகவும் இருக்கலாம்.

இரண்டாவது, அரசு ஆவணங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளும் அறிக்கைகளும் பேணப்படுகின்றன. அக்காலச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்தால், ஆதரித்துப் பேசியவர் யார், எதிர்த்தவர் யார், என்ன காரணம் சொன்னார் என்பன தெளியும். எதிர்த்தோர் சொன்ன காரணங்களுள் சில இன்றும் நம் திண்ணைகளில் கேட்பவையே என்று கண்டால் வியக்காதீர்கள்.

மூன்றாவது, பங்கு ஆலயத்துப் பதிவேடுகள். திருமுழுக்குப் பதிவேட்டில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் உண்டு. திருமணப் பதிவேட்டில் மணமகளின் பெயரும் அவள் பெற்றோரின் பெயரும் உண்டு. வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத உப்பளக் கூலிப் பெண்ணும் இதில் தன் பெயருடன் நிற்கிறாள். பங்குத்தந்தையின் அனுமதி பெற்று, பழந்தாள்களைப் பக்குவமாகக் கையாண்டு, பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

நான்காவதும் அவசரமானதும் முதியோர் நினைவு. முதல் பொதுத்தேர்தலில் வாக்களித்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். அத்தகையோர் எவரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள். யாருடன் நடந்து சென்றார், சீட்டை எந்தப் பெட்டியில் இட்டார், வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஏடு காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.

இன்று நம் கடமை

2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது தமிழ்நாட்டு வாக்காளர் ஏறத்தாழ 6 கோடியே 26 லட்சம் பேருள் பெண்கள் 3 கோடியே 18 லட்சம்; ஆண்களைவிடப் பத்து லட்சம் மிகுதி. ஆனால் அத்தேர்தலில் 234 இடங்களுக்கு வெற்றி பெற்ற பெண்கள் 12 பேரே. ஊராட்சிகளில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவாயின. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2023ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆயினும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே அது செயற்படும் என்று விதிக்கப்பட்டது. வரிசையில் நிற்பவர் பெண். உள்ளே அமர்பவர் பெரும்பாலும் ஆண். பாதை இன்னும் முடியவில்லை.

நாட்டின் நிலை இருக்கட்டும். நம் வீட்டின் நிலை என்ன? பதினெட்டு வயது நிரம்பிய மகனின் பெயரை உடனே பட்டியலில் சேர்க்கும் தந்தை, "மணமாகிச் செல்லப் போகிறவள்தானே" என்று மகளின் பெயரைத் தள்ளிப்போடுவதுண்டு. மணமாகிச் சென்றபின் பிறந்தகத்துப் பட்டியலில் பெயர் நீக்கப்படும். புக்ககத்துப் பட்டியலில் சேர்க்க எவரும் நினைப்பதில்லை. இவ்வாறு இரண்டு வீட்டுக்கும் நடுவே எத்தனை பெண்களின் வாக்கு தொலைகிறது! புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, இடம் மாறினால் படிவம் 8. ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் இப்போது உண்டு. மருமகளை வரவேற்கும் குடும்பம் அவள் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்க்கும்போதே வாக்காளர் பட்டியலிலும் சேர்ப்பது அவளுக்குச் செய்யும் முதல் மரியாதை.

மற்றொன்று, வாக்கு அவளுடையது. எந்தச் சின்னம் என்று கணவன் கட்டளையிடுவதும், தந்தை மிரட்டுவதும், பணம் வாங்கிய மைத்துனன் வாக்குறுதி கொடுத்துவிட்டு வருவதும், 1917ஆம் ஆண்டில் அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்த மனுவை மீண்டும் மறுப்பதற்கு ஒப்பாகும். வீட்டில் கருத்தைப் பேசுவோம், வாதிடுவோம். சாவடியின் மறைப்புக்குள் அவளைத் தனியே விடுவோம்.

உப்பு தன்னை மறைத்துக்கொண்டு உணவுக்குச் சுவை தருவது. பெண்ணும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று புகழ்ந்து சொல்வோர் உண்டு. புகழ்ச்சி இனிதுதான். ஆனால் வாக்காளர் பட்டியலில் மறைவுக்கு இடமில்லை. அங்கே அவள் பெயர் தெளிவாக, பிழையின்றி, அவளுடையதாகவே இருக்க வேண்டும். அடுத்த பட்டியல் வெளியாகும் நாளில் உங்கள் இல்லத்துப் பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.